கில்லர் ஆஃப் ஷீப்: கதை எங்கே இருக்கு?

சுபா: அமெரிக்க இயக்குநர் சார்லஸ் பர்னெட்டோட முதல் முழுநீளப் படம் 'கில்லர் ஆஃப் ஷீப்'பை நேத்து பார்த்தேன். லாஸ் ஏஞ்சலஸ்ல வாட்ஸ் பகுதி. ஸ்டேன்னு ஒருத்தர், ஆட்டுத்தொட்டியில வேலை, ராத்திரி தூக்கம் வராது. அவ்வளவுதான். எது ஆரம்பம், எது முடிவுன்னே பிடிபடல, ஆனா பாதியில எழுந்திருக்கவும் மனசு வரல. மாணவர் படம்ங்கறதாலதான் இப்படித் துண்டு துண்டா இருக்கா?

முரளி: மாணவர் படம்தான். யுசிஎல்ஏ-வில, அதாவது லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல, முதுகலைக்காக எடுத்தது, 1977. செலவு 10,000 டாலருக்குள்ள. 16 எம்.எம்., கருப்பு வெள்ளை, ஷூட்டிங் பெரும்பாலும் சனி ஞாயிறுல. எழுத்து, கேமரா, எடிட்டிங் எல்லாம் பர்னெட்டே.

கதிரேசன்: எடிட்டிங் என் பிழைப்பு, அதனால இந்தத் 'துண்டு துண்டு' விஷயத்துக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன். காசில்லாம அப்படி ஆகல சுபா. அந்தக் கார் என்ஜின் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்க.

ஸ்டேனும் அவர் கூட்டாளியும் பேரம் பேசி ஒரு பழைய என்ஜினை வாங்கறாங்க. கைக்கு எட்டாத காசு அது. மூச்சு வாங்க வாங்கப் படியில இறக்கி, மேட்டுல நிக்கற வண்டியோட பின் விளிம்புல வைக்கறாங்க. இன்னும் உள்ளே தள்ளணும்னு ஸ்டேனுக்குத் தெரியுது. கூட்டாளி, இதுவே போதும்கறார். வண்டி நகர்ந்ததும் என்ஜின் தடால்னு ரோட்டுல விழுந்து உடையுது. இறங்கிப் பார்த்துட்டு, அங்கேயே போட்டுட்டுக் கிளம்பிடறாங்க. வேற யாராவது எடுத்திருந்தா அங்க ஒரு சண்டை, ஒரு அழுகை, பின்னணியில வயலின் இருக்கும். பர்னெட், வண்டியோட பின்னாலிருந்து அந்த இரும்பு சின்னதாகிட்டே போறதைக் காட்டறார். அடுத்த காட்சியில அதைப் பத்திப் பேச்சே இல்ல. மறுநாள் வேலைக்குப் போகணும், அதான்.

1965-ல கலவரம் நடந்த ஊர் வாட்ஸ். வெளியாள் கேமராவோட வந்தா அதைத்தான் தேடுவான். இவர் அங்கேயே வளர்ந்தவர், அதனால என்ஜின் தூக்கறதை இவ்வளவு நேரம் பொறுமையா பார்க்க முடிஞ்சுது.

இன்னொன்னு, ஸ்டேனும் மனைவியும் ஆடற இடம். டைனா வாஷிங்டன் பாட்டு ஓடுது. அவங்க புருஷனை இறுக்கிப் பிடிக்கறாங்க. பாட்டு முடிஞ்சதும் அவர் கையை விலக்கிட்டுப் போயிடறார். மனைவியா நடிச்ச கேஸி மூர் அந்த ஜன்னல் பக்கம் நிக்கற விதம் இருக்கே, அதுக்கு மேல ஒரு நடிப்பை நான் பார்த்ததில்ல.

முரளி: அந்தப் பாட்டுகளாலதான் படம் முடங்கிச்சு. உரிமை வாங்காததால 30 வருஷம் முறையான திரையரங்க வெளியீடே இல்ல. 2007-ல வெளிவந்தப்போ பாட்டு உரிமைக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர்.

சுபா: படச் செலவைவிடப் பதினஞ்சு மடங்கா! பாட்டையே மாத்திட்டு முன்னாடியே விட்டிருக்கலாமே?

கதிரேசன்: கூடாதுங்க. அந்த ஆட்டத்தை அந்தப் பாட்டோட நீளத்துக்குத்தான் விட்டிருக்கார். வேற பாட்டு போட்டா எங்கே வெட்டறதுன்னு எனக்கே தெரியாது. 1990-ல அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டுல, அதாவது பாதுகாத்து வைக்க வேண்டிய படங்களோட பட்டியல்ல, இதைச் சேர்த்தப்போகூடத் தியேட்டருக்கு வழியில்லாம இருந்தது, அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. அடுத்து அவரோட 'டு ஸ்லீப் வித் ஆங்கர்' பாருங்க. டேனி குளோவர் நடிச்சது. அதுல நீங்க கேட்ட ஆரம்பமும் முடிவும் இருக்கு.