ஹட்டன் கடைவீதி மாடிக்கடையை உடைக்க விடலாமா?

மல்லியப்புக்காரன்:
கடைவீதியில் இருக்கிற அந்தப் பழைய மாடிக்கடையை இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டப் போகிறார்களாம். கீழே மூன்று கடை, மேலே மரக்கம்பி வைத்த விறாந்தை, மங்களூர் ஓடு. டவுனுக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும். கோப்பிக் காலத்துக் கட்டடம், 150 வருடம் இருக்கும் என்று அப்பா சொல்வார். அதுவும் போனால் நம் பிள்ளைகளுக்குக் காட்ட இந்த வீதியில் என்ன மிஞ்சும்? நகரசபைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு மனு எழுதுவோம்.

பழைய ஓடு:
மனுவில் கையெழுத்து வைக்கிறேன் அண்ணே. ஆனால் கோப்பிக் காலம் என்று எழுத வேண்டாம், முதல் வரியிலேயே பிழை பிடிப்பார்கள். கோப்பியில் இலை நோய் கண்டது 1869இல். 1880களின் நடுவில் கோப்பி முடிந்த கதை. ஹட்டனுக்கு ரயில் வந்ததே 1884இல்தான். அதே வருடம் மே மாதம் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி விழுந்து, தோட்டத் துரைமாரே கையில் காசில்லாமல் நின்றார்கள். அந்த நேரத்தில் இவ்வளவு பெரிய மாடியை யார் கட்டியிருப்பார்? மேல்மாடியைத் தாங்குகிற இரும்பு உத்தரங்களைப் பாருங்கள். அதுவரை ரயில் வந்து நின்ற நாவலப்பிட்டியில் இருந்து மாட்டு வண்டியில் மலையேற்றக்கூடிய பாரமா அது?

பின்பக்கம் விழுந்து கிடந்த ஓட்டைப் புரட்டிப் பார்த்தேன். மங்களூர்ப் பக்கம் ஓட்டு ஆலைகள் நடத்திய பாசல் மிஷனின் முத்திரை இருந்தது. முதலாம் உலகப் போரோடு அந்த ஆலைகள் கைமாறி, பிறகு கொமன்வெல்த் ட்ரஸ்டுக்குப் போய்விட்டன. ஆகவே என் கணக்கில் ரயிலுக்குப் பின், போருக்கு முன். தேயிலைக் காலத்துக் கட்டடம் அது.

மல்லியப்புக்காரன்:
ஓட்டை வைத்து வயது சொல்ல முடியாது தம்பி. ஒரு கட்டடத்தில் கழற்றிய ஓட்டை இன்னொன்றில் போடுவது நம் பக்கம் சாதாரணம். எங்கள் வீட்டுக் கூரையே பழைய தேயிலை ஸ்டோர் ஓடுதான். உத்தரம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். அப்பா சொன்னதை மனுவில் இருந்து எடுத்துவிடுகிறேன்.

கொட்டகலை வாசகி:
ஓட்டின் வயதைப் பேசுகிறீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று ஒருவரும் எழுதவில்லையே. அது அடகுக்கடை. முன்னால் பலசரக்கு, பின் அறையில் அடகு. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்தபோது எங்கள் அப்பாயி தோட்டையும் மூக்குத்தியையும் அங்கே வைத்துத்தான் மாவு வாங்கினார். மூக்குத்தி மட்டும் திரும்பி வந்தது. அவருடைய அண்ணன் குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனது. தலைமன்னாருக்கு ரயில் ஏற நாள் குறித்தாகிவிட்டது, வைத்த நகையை மீட்கக் காசில்லை, அப்படியே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை அனுப்புவதாக எழுதினார்களே, அந்தத் தொகைக்குள் இருந்தவர்கள்தான் அவர்களும்.

பத்தாம் திகதி சம்பளம். அன்றைக்கே கடை ஆள் பற்றுக் கொப்பியோடு தோட்டத்து வாசலில் நிற்பான். கையில் வாங்கிய காசு லயத்துக்குப் போய்ச் சேராது. அந்தக் கட்டடத்தைக் கும்பிட என்னைக் கூப்பிடாதீர்கள். இடிக்கட்டும்.

பழைய ஓடு:
அக்கா, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். கடன் அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஆளைத் தோட்டம் மாற்றுகிறபோது அவன் கடனையும் எழுதிக் கொடுக்கிற துண்டு முறை 1921 வரை இருந்தது. செட்டியார்கள் கொடுத்த வட்டிப் பணமும் கொழும்பில் வெள்ளைக்கார வங்கிகளில் கடன் வாங்கியதுதான். 1939இல் இலங்கை வங்கி வரும்வரை நம் ஆட்களுக்கு வேறு வாசல் இல்லை. இந்தச் சங்கிலி முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடம் அந்தப் பின் அறை. அதை இடித்தால் கடன் கொடுத்தவன் பெயர்தான் மறையும், அப்பாயி பட்ட கஷ்டத்துக்கும் அடையாளம் இராது. இன்னொன்று, அந்தச் சுவரே அவர்கள் கட்டிய வட்டியில் எழும்பியது. நம் காசு அது.

கொட்டகலை வாசகி:
நம் காசு என்றால் நம்மைக் கேட்டா கட்டினார்கள்? தம்பி, நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் இப்படிக் காப்பாற்றிய கட்டடங்கள் கடைசியில் என்ன ஆகின்றன? விறாந்தையில் பூச்சட்டி வைத்து, வெள்ளைக்காரர் காலத்து அழகு என்று பலகை மாட்டி, கோப்பிக்கடை திறப்பார்கள். அதில் அப்பாயி எங்கே இருப்பார்?

கீழ்க்கடை:
அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறவன் என்பதால் எழுதுகிறேன். மழை பெய்தால் நான்கு இடத்தில் வாளி வைக்கிறோம். மேல்மாடிப் பலகையைக் கறையான் தின்றுவிட்டது, யாரையும் ஏற விடுவதில்லை. சொந்தக்காரரையும் குறை சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் வருகிற பழைய வாடகை. அதை வாங்கி ஒரு சன்னல்கூட மாற்ற முடியாது. சட்டம் காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். தொல்பொருள் சட்டத்தில் 1815க்கு முந்தியதற்குத்தான் தானாகப் பாதுகாப்பு. பிந்தியது என்றால் அரசாங்க வர்த்தமானியில் (கெசட்டில்) அறிவிக்க வேண்டும். அதுவரை கூரை நிற்குமா? முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

மல்லியப்புக்காரன்:
முகப்பு மட்டும் என்றால் அக்கா சொன்ன பின் அறை போய்விடுமே. 1983 கலவரத்தில் பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழ்க் கடைகள் எரிந்தன. தப்பி நிற்கிற ஒன்றை நாமே பாதியாக வெட்ட எனக்கு மனம் வரவில்லை. முழுவதையும் இடிக்காமல் விடச் சொல்லித்தான் மனுவில் கேட்கப் போகிறேன். அடகுக்கடை என்பதையும், பட்டினி வருடங்களையும் முதல் பத்தியிலேயே எழுதுகிறேன். அக்கா, அந்தப் பத்தியை நீங்கள் பார்த்துக் கொடுப்பீர்களா?

கொட்டகலை வாசகி:
பார்த்துக் கொடுக்கிறேன். கையெழுத்து வைக்க மாட்டேன், அது வேறு. பின் அறைக்குப் போகிற வழியில் மூன்று கல்படி இருக்கிறது. கூப்பிடும் வரை பெண்கள் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதையும் எழுதுங்கள்.