மறு: ‘ஓவர்சைட்’ அமைப்புகளுக்குத் தமிழ்ச் சொல் – கண்காணிப்பு என்றால் இங்கே கங்காணி

குழுவினருக்கு வணக்கம்.

அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் சுயாதீனமான ‘ஓவர்சைட்’ அமைப்புகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் எழுதிய எல்லா மடல்களையும் மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டு மேசையில் கிடந்ததால் எழுத நேரம் கிடைக்கவில்லை.

> கண்காணிப்பு நிறுவனம் என்றே எல்லாரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். புழக்கத்தில் இருக்கும் சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

சென்னை நண்பர் கேட்பது நியாயம்தான். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன மாதம் சுயாதீன ஆணைக்குழுக்கள் பற்றிய பாடம். ‘அரசாங்கத்தைக் கண்காணிக்கும் நிறுவனங்கள்’ என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, “அப்ப கங்காணி மாதிரியா சேர்?” என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் அவள் கேட்டதில் இருந்த விஷயம் உறைத்தது.

கங்காணி என்பது கண்காணியின் மரூஉ. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் அந்தச் சொல்லுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டி வந்தவர் கங்காணி. முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி வைத்தவரும் அவர்தான். வேலைக்கு இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்திடம் தலைக்காசு வாங்கினார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் கடன் எழுதிய ‘துண்டு’ கூடவே வரும். அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல். ஆக, எங்கள் காதுக்குக் கண்காணிப்பு என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் ஆள் தொழிலாளியைப் பார்ப்பது. மேலே இருப்பவருக்காகக் கீழே பார்க்கும் பார்வை. நாம் சொல் தேடும் அமைப்புகளுக்கோ வேலை நேர்மாறு, அவை அதிகாரத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டும். போதாததற்குத் தேர்தல் நேரத்தில் வரும் பார்வையாளர்களுக்கும் கடைகளில் மாட்டியிருக்கும் கெமராவுக்கும் இதே சொல்தான்.

‘மேற்பார்வை’க்கும் இதே கோளாறு. இன்னொருவர் சொன்ன ‘தணிக்கை அமைப்பு’ இலங்கையில் சரிவராது. தமிழ்நாட்டில் தணிக்கை என்றால் கணக்கும் வரும், சினிமாவும் வரும். இங்கே கணக்குப் பார்ப்பதற்குக் கணக்காய்வு என்கிறோம், அதன் தலைவர் கணக்காய்வாளர் நாயகம். தணிக்கை என்றால் பத்திரிகைச் செய்தியை வெட்டுவதுதான் எங்களுக்கு நினைவு வரும். ஜனநாயகத்தைக் காக்கும் அமைப்புக்கு அந்தப் பெயரா? (ஆங்கில ஓவர்சைட்டுக்கே கவனப்பிசகு என்றும் ஒரு பொருள் உண்டு. நம் சில ஆணைக்குழுக்களுக்கு அந்தப் பொருள்தான் பொருத்தம் என்று என் சக ஆசிரியர் சொல்லுவார்.)

நான் முதலில் முன்வைத்தது ‘பொறுப்புக்கேட்பு’. பொறுப்புக்கூறல் (அக்கவுண்டபிலிட்டி) என்ற சொல் இலங்கையில் எல்லா வானொலிச் செய்தியிலும் வருகிறது. கூறுபவர் ஒருவர் இருந்தால் கேட்பவர் ஒருவர் வேண்டுமே என்ற கணக்கு. அதை மதுரை அண்ணன் ஒரே வரியில் கவிழ்த்துவிட்டார்: “பொறுப்பு கேட்டார் என்றால் எங்கள் ஊரில் மாவட்டச் செயலாளர் பதவி கேட்டார் என்று அர்த்தம்.” சரி, கைவிட்டேன்.

இப்போது என் பரிந்துரை ‘கணக்குக்கேட்பு’. இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) கொழுந்து பறித்தவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கொழுந்தை றாத்தல் (பவுண்டு) கணக்கில் எடை போட்ட காலம். நிறுவைக்குப் போனால் கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எழுதுவார்களாம். இரண்டு றாத்தல் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம். ஒருநாள் அம்மாயி, “எங் கணக்கு எங்கங்கையா?” என்று கேட்டிருக்கிறார். கேட்டது கணக்கப்பிள்ளையிடம். தராசைப் பிடித்தவர் அவர், செக்றோலில் (பேர்ப் பதிவேட்டில்) எழுதியவர் அவர், முறைப்பாட்டைக் கேட்கவேண்டியவரும் அவரேதான். பதில் என்னவாக இருந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அடுத்த வாரம் அம்மாயிக்கு மலை உச்சியில் உள்ள நிரை கிடைத்தது.

கணக்காய்வாளரோ மனித உரிமைகள் ஆணைக்குழுவோ எதற்கு என்று பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. தராசும் பென்சிலும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கையைச் சேராத ஒருவர் வந்து கணக்குக் கேட்க வேண்டும். கேட்பதுதான் அவர் வேலை, தண்டிப்பது அல்ல. 1996இன் சட்டப்படி நம் மனித உரிமைகள் ஆணைக்குழு செய்வது விதப்புரைதான் (பரிந்துரைதான்). தென்னாபிரிக்காவில் அரசு மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் பொதுமக்கள் காப்பாளர் (பப்ளிக் ப்ரொடெக்டர்) சொல்லும் பரிகாரத்தை, நீதிமன்றம் தள்ளும்வரை, ஜனாதிபதியும் நிறைவேற்றியாக வேண்டும் என்று அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் சொன்னது. வலு கூடலாம், குறையலாம். இரண்டு இடத்திலும் வினை ஒன்றுதான், கேட்பது.

அந்தப் பிள்ளையிடம் புதுச்சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “கணக்குக் கேட்டா அவங்கள நிப்பாட்டிற மாட்டாங்களா சேர்?” என்றாள். நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1972இல் கட்சிக்குள் கணக்குக் கேட்டு வெளியே அனுப்பப்பட்ட கதையைச் சொன்னேன். அவருக்கு ரசிகர் கூட்டம் இருந்தது, சொந்தக் கட்சி தொடங்கினார். ஆணைக்குழு உறுப்பினருக்கு ரசிகர் மன்றம் ஏது? அங்கேதான் ஆங்கிலத்தில் ஓவர்சைட்டுக்கு முன்னால் ‘இன்டிபென்டன்ட்’ என்று வரும் பாதி, நம் ‘சுயாதீன’, அவசியமாகிறது.

அந்தப் பாதிக்குத் ‘தன்னாட்சி’ என்று எழுதிய தம்பிக்கு: இலங்கையில் அதை வாசிப்பவர் வடக்கு கிழக்கு அரசியல் தீர்வு என்றுதான் நினைப்பார். ‘நடுவுநிலை’ அழகான சொல், ஆனால் அது ஆளின் குணம். நமக்கு வேண்டியது யார் நியமிப்பது, யார் நீக்குவது, யார் காசு தருவது என்ற ஏற்பாடு. நடுவுநிலையான ஒருவரை ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியுமானால் அவர் சுயாதீனமானவர் இல்லை. எங்கள் அரசியலமைப்பு இதை ஊஞ்சல் மாதிரி ஆட்டியிருக்கிறது. 2001இல் 17ஆம் திருத்தம், ஆணைக்குழு உறுப்பினர் நியமனங்களுக்குப் பெயர் விதந்துரைக்கும் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது, அதில் பெரும்பான்மை பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்தவர்கள். 2010இல் 18ஆம் திருத்தம் அதை எடுத்துவிட்டுப் பாராளுமன்றப் பேரவை ஒன்றை வைத்தது. அது அபிப்பிராயம் சொல்லலாம், நியமிப்பது ஜனாதிபதி. 2015இல் பேரவை திரும்பி வந்தது, ஆனால் பத்துப் பேரில் ஏழு பேர் எம்.பி.க்கள். 2020இல் மறுபடி போனது, 2022 ஒக்டோபரில் 21ஆம் திருத்தத்தோடு மறுபடி வந்தது. ஆணைக்குழுக்களின் பெயர்ப்பலகை பெரும்பாலும் அப்படியே இருக்க, நியமிக்கும் கைதான் மாறியது. ஆகவே ‘சுயாதீன’ வடமொழி என்பதற்காக அதைத் தூக்க வேண்டாம். தோட்டத்து லயத்தில் வானொலி கேட்பவருக்கும் தெரிந்த சொல் அது.

எழுத்தில் பாதுகாப்பு இருந்தால் போதும், தனி அமைப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களின் வாக்கைப் பறித்தபோது, சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் கூடாது என்ற 29ஆம் பிரிவு அரசியல் யாப்பில் இருக்கத்தான் செய்தது. வழக்கு, அப்போது மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் வரை போய் 1953இல் தோற்றது. கோமறைக் கழகம்! பிரிவி கவுன்சிலுக்கு எவ்வளவு அழகான தமிழாக்கம், தீர்ப்புத்தான் அப்படி.

இனி என் சொல்லில் உள்ள ஓட்டை. கணக்குக்கேட்பு என்றால் கணக்காய்வோடு குழம்பும் என்று யாராவது எழுதுவீர்கள். கொஞ்சம் குழம்பும், ஒப்புக்கொள்கிறேன். ‘கணக்குத் தீர்ப்பது’ என்று ஒருவர் சொன்னால் யாரும் பேரேட்டைத் தேடுவதில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இதைவிடப் பெரிய சிக்கல் தேர்தல் ஆணைக்குழு. அதன் முதல் வேலை கணக்குக் கேட்பது அல்ல, ஆட்டத்தை நடத்தும் நடுவர் அது. தென்னாபிரிக்க யாப்பின் 9ஆம் அத்தியாயம் இந்த இரண்டு வகையையும் ஜனநாயகத்துக்குத் துணைநிற்கும் நிறுவனங்கள் என்று ஒரே கூரைக்குள் வைக்கிறது. நாம் மொத்தக் குடும்பத்துக்கும் ‘சுயாதீன நிறுவனங்கள்’ என்று வைத்துக்கொண்டு, ஓவர்சைட் என்ற செயலுக்கு மட்டும் கணக்குக்கேட்பு என்று போடலாமா?

நடுவில் ‘க்’ வேண்டுமா, பிரித்து எழுதுவதா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் சொன்னால் அடுத்த பாடக்குறிப்பில் திருத்திவிடுவேன். விடைத்தாள் இன்னும் பாதி கிடக்கிறது.