பச்சையாகிப்போன தொட்டித் தண்ணீர்: யூவி விளக்கா, இருட்டா, அப்படியே விடுவதா?

கண்ணாடித்தொட்டி:
வணக்கம். சென்னைப் புறநகரில் இருக்கிறோம். ஹாலில் கிழக்கு ஜன்னலை ஒட்டி 2 அடித் தொட்டி, சுமார் 55 லிட்டர், 4 கோல்ட் பிஷ். தண்ணீர் முழுக்கப் பச்சை. பின்னால் ஒட்டிய படம் தெரியவே இல்லை, மீன் கண்ணாடிப் பக்கம் வந்தால்தான் கண்ணில் படுகிறது. பாதித் தண்ணீரை மாற்றினால் இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. பில்டர் ஸ்பாஞ்சை வாராவாரம் குழாயடியில் நன்றாகக் கசக்கிக் கழுவுகிறேன். கடையில் ஒரு நீல மருந்தும் சக்கர் பிஷ்ஷும் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?

மீன்பித்தன்:
இரண்டும் வேண்டாம் நண்பரே. நேராக யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கு வாங்குங்கள். நீங்கள் பார்க்கும் பச்சை, தண்ணீரில் மிதக்கும் ஒருசெல் பாசி. ஒவ்வொன்றும் சில மைக்ரான்தான், ஸ்பாஞ்சின் ஓட்டைகளில் தாராளமாகப் புகுந்து வெளியே வந்துவிடும். தண்ணீர் மாற்றியும் பயனில்லை, மிச்சமிருக்கும் பாதி ஓரிரு நாளில் இரட்டிப்பாகிவிடும். 254 நானோமீட்டர் யூவி ஒளியைத் தாண்டிப் போகும் பாசி மறுபடி பெருகாது. சில நாட்களில் தண்ணீர் தெளிந்துவிடும். மருந்தும் இல்லை, மீனுக்குத் தொந்தரவும் இல்லை.

நீர்ப்பாசி:
தெளியும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று மீன்பித்தன் கேட்கவே இல்லையே? கேள்வி கேட்டவர் எழுதியதிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, காலை வெயில் நேராக விழும் ஜன்னல். இரண்டு, 55 லிட்டரில் 4 கோல்ட் பிஷ். சாப்பிடுவதும் கழிவதும் அதிகமுள்ள மீன் அது. மூன்றாவதைத்தான் முக்கியமாகச் சொல்வேன்: குழாயடியில் கழுவும் ஸ்பாஞ்ச். மீன் கழிவில் வரும் அம்மோனியா என்ற நச்சை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. குளோரின் கலந்த தண்ணீரில் அதைக் கசக்கினால் பாக்டீரியா வாராவாரம் சாகிறது, அம்மோனியா ஏறுகிறது. வெயிலும் அம்மோனியாவும் சேர்ந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

சரி, செய்ய வேண்டியது இதுதான். பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தொட்டியைக் கறுப்புத் துணியால் ஒளி புகாமல் மூடி 3 அல்லது 4 நாள் விடுங்கள். நடுவில் விலக்கிப் பார்க்காதீர்கள், தீனியும் வேண்டாம். நன்றாக இருக்கும் கோல்ட் பிஷ் அத்தனை நாள் தாங்கும். ஏர் பம்ப் மட்டும் இரவு பகலாக ஓட வேண்டும். இருட்டில் பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுமே தவிரத் தராது. முடிந்ததும் செத்த பாசி அழுகி அம்மோனியா ஏறும் முன் மறுபடி பாதித் தண்ணீர். இனி ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, ஒரு வாளியில் லேசாக அலசுங்கள்.

மீன்பித்தன்:
மின்வெட்டு வந்தால்? எங்கள் பகுதியில் கோடையில் இரவில் மணிக்கணக்கில் போகும். மூடிய தொட்டி, நின்றுபோன பம்ப், செத்துக்கொண்டிருக்கும் பாசி. விடியும்போது மீன் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். அந்த ஆபத்துக்கு யூவியே மேல்.

நீர்ப்பாசி:
அந்தப் பயம் நியாயமானதுதான். இன்வெர்ட்டரோ பேட்டரி ஏர் பம்ப்போ இல்லாதவர் துணி போட்டு மூட வேண்டாம். ஆனால் யூவிக்கும் தொல்லை உண்டு. குழலின் வீரியம் ஏறத்தாழ ஒரு வருடம் தொடர்ந்து எரிந்தால் குறைந்துவிடும், பார்வைக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். மேலுள்ள குவார்ட்ஸ் உறையில் படியும் உப்பையும் துடைக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் திறந்த பல்பை நேரே தொட்டிக்குள் போடுகிறார்கள், அதைப் பார்த்தால் கண் கெடும். வாங்குவதானால் மூடிய கூட்டுக்குள் இருப்பதையே வாங்குங்கள்.

கொளத்தூர்க்காரன்:
இரண்டு பேரும் பச்சைத் தண்ணீரை எதிரியாகவே பார்க்கிறீர்கள். கொளத்தூர் பக்கம் பண்ணை வைத்திருப்பவரைக் கேளுங்கள், வெயிலில் ஒரு சிமென்ட் தொட்டியைப் பச்சையாக்க மெனக்கெடுவார். மொய்னா என்ற குட்டி நீர்ப்பூச்சியை வளர்க்க அதுதான் தீனி, மொய்னாதான் குஞ்சு மீனுக்குத் தீனி. ஜப்பானில் ராஞ்சு கோல்ட் பிஷ் வளர்ப்பவர்கள் பச்சைத் தண்ணீரை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், மீனுக்கு நிறம் கூடுகிறது என்று. பாசி அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்கிறது. இவர் தொட்டியில் பில்டர் பாக்டீரியா சாகிறது என்றால், இத்தனை நாள் மீனைக் காப்பாற்றியதே இந்தப் பச்சைதான்! அதைச் சட்டென்று கொன்றால் அம்மோனியா யார் தலையில் விழும்?

நீர்ப்பாசி:
நல்ல கேள்வி. அதனால்தான் ஸ்பாஞ்சை முதலில் சரிசெய்துவிட்டு, சில வாரம் கழித்து இருட்டடிப்பு செய்வது நல்லது. ஆனால் மொட்டை மாடியில் உள்ள அகலமான சிமென்ட் தொட்டியும் ஹாலில் உள்ள 2 அடிக் கண்ணாடித் தொட்டியும் ஒன்றல்ல. பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்து, தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்-ஐ ஏற்றும். பிஎச் ஏற ஏற மிச்ச அம்மோனியாவின் நச்சும் ஏறும். இரவில் ஆக்சிஜன் இறங்கும். சின்னத் தொட்டியில் இந்த ஏற்ற இறக்கத்தை மீன் தாங்குவது கஷ்டம்.

செடித்தொட்டி ரசிகை:
நீல மருந்து, சக்கர் பிஷ் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. நீல மருந்து பெரும்பாலும் மெத்திலின் புளூ. அது பூஞ்சை மருந்து. பில்டர் பாக்டீரியாவையும் கெடுக்கும், பச்சைக்கு மேல் நீலம் சேர்ந்து இன்னும் அசிங்கமாகும். சக்கர் பிஷ் கண்ணாடியில் ஒட்டிய பாசியைத்தான் சுரண்டும், மிதப்பதைத் தின்னாது. அதுவும் ஓர் அடிக்கு மேல் வளரும், கழிவும் அதற்கேற்ப. வளர்ந்த பிறகு ஏரியில் கொண்டுபோய் விடுபவர்களை நினைத்தால் கோபம் வருகிறது. அது நம் ஊர் மீன் இல்லை, போகும் நீர்நிலையில் எல்லாம் பெருகி நம் மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்புறம் அண்ணா, மாற்றப் பயன்படுத்தும் தண்ணீரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். போர் தண்ணீரா?

கண்ணாடித்தொட்டி:
ஆமாம், போர் தண்ணீரும் மெட்ரோ வாட்டரும் ஒரே தொட்டியில் கலந்து வருகிறது. ஸ்ட்ரிப் வாங்கிச் சோதித்தேன். மீன் தொட்டியில் அம்மோனியா லேசாக நிறம் காட்டியது. குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) நிறத்தில் வந்தது.

மீன்பித்தன்:
பார்த்தீர்களா? ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் பாசிக்கு உரம் ஊற்றுகிறார். இருட்டடிப்பு முடிந்து துணியை எடுத்ததும் மறுபடி பச்சைதான். இந்த வீட்டுக்கு யூவி இல்லாமல் முடியாது.

செடித்தொட்டி ரசிகை:
நைட்ரேட் இருந்தால் அதைத் தின்ன வேறு ஆள் வையுங்களேன். மணி பிளான்ட் கொடி இரண்டை இலை வெளியே, வேர் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி தொங்கவிடுங்கள். கோல்ட் பிஷ் வேரைக் கடிக்கும், அதனால் மேல் பில்டர் பெட்டிக்குள் வைத்தால் நல்லது. யூவி பாசியைத்தான் கொல்லும், நைட்ரேட்டைத் தொடாது. மிதக்கும் பாசி போனதும் அதே உரத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சை படியும், அதைச் சுரண்ட மறுபடி சக்கர் பிஷ் வாங்கச் சொல்வீர்களா?

மீன்பித்தன்:
சுரண்ட ஒரு பழைய ஏடிஎம் கார்டு போதும். கொடி வேர் விட்டு வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அவர் வீட்டில் மீனே தெரியாமல் தொட்டி வைத்திருக்க வேண்டுமா? யூவியை இன்று போடட்டும், கொடியையும் இன்றே வைக்கட்டும். கொடி பிடித்ததும் விளக்கைக் கழற்றிக்கொள்ளலாம்.

நீர்ப்பாசி:
அப்படியானால் தடையில்லை. ஆனால் தொட்டி ஜன்னலை விட்டு நகர வேண்டும், தொட்டியின் வெளிச்ச விளக்கு நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது, தீனி 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். இந்த மூன்றும் இல்லாமல் யூவி விளக்கு மட்டும் வாங்கினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொளத்தூர்க்காரன்:
நகர்த்தும்போது பாதித் தண்ணீரை இறைப்பீர்கள் இல்லையா? நீல மருந்து கலக்காத தண்ணீர்தானே, பக்கெட்டில் பிடித்து வெயிலில் வையுங்கள், மொய்னா கொஞ்சம் வாங்கி விடுங்கள். கோல்ட் பிஷ்ஷுக்கு உயிர்த் தீனி வீட்டிலேயே கிடைக்கும். மேலே கொசுவலை கட்டாயம் கட்டுங்கள்.