கோடையில் பார்த்த முயல்கள் எங்கே?

கனடாவின் யூகானில் என் வீட்டுக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. ஜூலையில் அதன் ஓரத்துப் புல்வெளியில் தினமும் ஸ்னோஷூ முயல்கள் மேய்ந்தன. நவம்பரில் அங்கே ஒரு தடம்கூட இல்லை. வலசை போய்விட்டனவா?

பதில் 1:
வலசையெல்லாம் இல்லை. ஒரு முயலின் நடமாட்டம் பெரும்பாலும் 3 முதல் 10 ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். ஆணுக்குக் கொஞ்சம் பெரிய வட்டம். பனி விழுந்ததும் அடர்ந்த புதருக்குள் ஒதுங்கும். திறந்தவெளியில் லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை, கொம்பன் ஆந்தை பயம். அங்கே கடிபட்ட வில்லோ செடிக் குச்சிகளைப் பாருங்கள். கத்தியால் சீவினமாதிரி சாய்வாக வெட்டியிருந்தால் முயல். நார் நாராகப் பிய்ந்திருந்தால் மூஸ் என்ற பெரிய மான், அதற்கு மேல்வரிசை முன்பற்கள் கிடையாது.

பதில் 2:
ஆர்க்டிக் முயல் கதையே வேறு. கனடாவின் வடகோடி எல்ஸ்மியர் தீவில் 2019-இல் இடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய ஒன்று 49 நாளில் 388 கி.மீ. போயிருக்கிறது! ஆனால் அது மரமில்லாத நிலம்.

கேட்டவர்:
சரி, போய்ப் பார்த்தேன். இருநூறு அடி உள்ளே, தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், பனியை மிதித்து மிதித்து ஒரு சாண் அகலத்துக்குப் பாதையே போட்டு வைத்திருக்கின்றன. குச்சிகளும் சாய்வெட்டுதான். பக்கத்திலேயே இருந்துகொண்டு என்னை ஏமாற்றியிருக்கின்றன.