காய்ந்துபோன கார்னாபா மெழுகை உருக்குவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. டப்பாவில் இருந்த கார்னாபா (ஒருவகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு) கலந்த கார் மெழுகு காய்ந்து, ஓரங்களில் சுருங்கி, நடுவே பாளம் பாளமாக வெடித்துவிட்டது. நல்ல மெழுகு, தூக்கி எறிய மனம் வரவில்லை.

தூய கார்னாபா உருக 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். ஆனால் கார் மெழுகில் பெரும்பாலும் பெட்ரோலியக் கரைப்பானும் கலந்திருக்கும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். எனவே அடுப்பின் பக்கமே கொண்டுபோகப் போவதில்லை. வெந்நீரைத் தனியாகக் காய்ச்சி எடுத்துவந்து, காற்றோட்டமான வெளியிடத்தில், மூடியைத் திறந்த டப்பாவை அதில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். (மூடியபடி சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும்.)

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மிச்சக் கரைப்பானும் ஆவியாகி மெழுகு இன்னும் இறுகிவிடுமா? ஆறியபின் குருணை குருணையாக ஆனதா? பழைய பளபளப்பு கிடைத்ததா?