தீபாவளி முடிந்து 11 பேர் திரும்பி வரவில்லை. கம்பெனியில் எதை மாற்றுவது?

வேலம்பாளையம் தையல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கங்க. திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் ஜாப் ஒர்க் ஸ்டிச்சிங் யூனிட் வைத்திருக்கிறோம். 34 மெஷின், 52 பேர். அப்பா ஆரம்பித்தது. மூன்று வருடமாக நான் பார்க்கிறேன்.

போனஸ் வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் 11 பேர் திரும்பவில்லை. தீபாவளி முடிந்தால் ஆட்கள் கம்பெனி மாறுவது நம்ம ஊரில் வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை போனவர்களில் ஐந்து பேர் எட்டு, ஒன்பது வருடம் எங்களோடு இருந்தவர்கள். போன இடத்தில் ஷிப்டுக்கு எவ்வளவு என்று விசாரித்தேன். நாங்கள் கொடுக்கிற அதே சம்பளம். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

நான் ஒன்றும் செய்யாமல் இல்லைங்க. பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறோம். ஏற்காடு கூட்டிப் போனோம். வாசலில் புகார்ப் பெட்டி வைத்தேன். ஆறு மாதத்தில் ஒரே ஒரு சீட்டு விழுந்தது. "பாத்ரூம் சாவி" என்று இரண்டே சொல். யாரோ உள்ளே போய் போன் பார்க்கிறார்கள் என்று சூப்பர்வைசர் பூட்டிச் சாவியைத் தன் மேஜையில் வைத்திருந்தார். எனக்குத் தெரியவே தெரியாது.

அதைவிடப் பெரியது போன மாதம் நடந்தது. 1,200 பீஸ் டி-சர்ட் ஆர்டர். கடைசி நாள் செக்கிங்கில் பார்த்தால் 140 பீஸில் ஆயில் கறை. ஒரு பிளாட்லாக் மெஷினில் காலையிலிருந்தே எண்ணெய் சொட்டியிருக்கிறது. டெய்லருக்குத் தெரியும். கறை பட்ட பீஸைக் கட்டுக்கு நடுவில் சொருகிச் சொருகிக் கொடுத்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "சொன்னா அந்த டேமேஜ் காசை யாருகிட்டங்க பிடிப்பீங்க?" என்றார். அப்பா காலத்திலிருந்து டேமேஜ் ஆனால் டெய்லர் சம்பளத்தில் பிடிப்போம். பதில் சொல்ல வரவில்லை.

சூப்பர்வைசர் எங்களிடம் 19 வருடம். நான் ஸ்கூல் பையோடு கம்பெனிக்கு வந்த காலத்திலிருந்து அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் திட்டினால் தெருமுனை டீக்கடையில் கேட்கும்.

கேட்க வேண்டியது இரண்டு. டேமேஜ் பிடித்தம் எடுத்தால் அஜாக்கிரதை கூடிவிடுமா? அண்ணனிடம் இதை எப்படிப் பேசுவது?


பவர் டேபிள் அக்கா எழுதியது:

அம்மிணி, 14 வருசம் சிங்கர் டெய்லரா இருந்தவ நான். மத்ததெல்லாம் இருக்கட்டும், இன்னைக்கே போய் அந்தச் சாவியை வாங்கிக் கதவைத் தொறந்து வெச்சிருங்க.

ஆம்பளைகிட்டப் போய் பாத்ரூம் சாவி கேக்கறதுக்குப் பதிலா தண்ணி குடிக்காம இருந்தர்றது சுலபம். நாங்க அப்படித்தான் இருந்தோம். காலைல எட்டரைக்கு உக்காந்தா மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திரிக்கறது. ஒன்றரை ஷிப்ட்டுன்னா ராத்திரி எட்டரை. எனக்கு மூணு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன், அந்த லீவுக்கும் சம்பளம் போச்சு. மாச நாள்ல என்ன பாடுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அந்தச் சீட்டை எழுதுனது ஒரு பொம்பளைதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

நான் ஒரு கம்பெனியை விட்டுட்டு வந்த காரணத்தைச் சொல்றேன். கழுத்துப் பட்டி கோணலாப் போச்சு. தப்பு என்னுதுதான். அயர்னிங் பசங்க, டெய்லருக்குக் கூட நின்னு உதவற கைமடிப் பிள்ளைங்க அத்தன பேர் முன்னாடி பீஸை மூஞ்சிக்கு நேரா ஆட்டி, "வீட்ல இப்படித்தான் தெப்பியா"ன்னு கேட்டாங்க. கைமடிக்கு வந்திருந்த பிள்ளைல ஒண்ணு எங்க தெருப் பிள்ளை. அடுத்த சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிட்டு வந்தவதான், திரும்பிப் போகல. ஏன்னு ஓனர் கேட்டுவிட்டாரு. உடம்பு முடியலன்னு சொல்லிட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்லுவோம்.

உங்க அஞ்சு பேரும் என்ன காரணம் சொன்னாங்க?


பழைய நிட்டிங்காரன் எழுதியது:

நான் 30 வருடம் நிட்டிங் மெஷின் ஓட்டியவன். நூல் அறுந்தால் நிட்டிங் மெஷின் தானாக நின்றுவிடும், விளக்கு எரியும். போய் முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுவோம். விளக்கு எரிந்ததற்காக மெஷினை யாரும் அடிப்பதில்லை. அடித்து விளக்கை உடைத்துவிட்டால் துணி முழுக்க ஓட்டையாக இறங்கும். உங்கள் கம்பெனியில் விளக்கு உடைந்து கிடக்கிறது அம்மிணி.

டொயோட்டா கார் கம்பெனிக்கு வேரே தறிதான். சகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் அதுவாகவே நிற்கும். பிற்பாடு அவர்களுடைய கார் தொழிற்சாலையிலும் அதே புத்தியைக் கொண்டுவந்தார்கள். கோளாறைப் பார்த்த தொழிலாளி தலைக்கு மேல் ஓடுகிற கயிற்றை இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடி வருவார், சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். உங்கள் டெய்லர் காலையில் முதல் சொட்டிலேயே கையைத் தூக்கியிருந்தால் கெட்டது நாலைந்து பீஸோடு போயிருக்கும். மெக்கானிக்குக்கு அரைமணி வேலை.

பிடித்தத்தை எடுத்துவிடுங்கள். அஜாக்கிரதைக்காரன் எந்தக் கம்பெனியிலும் ஒருவனோ இருவரோதான், அவர்களை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.


பனியன் எச்.ஆர். எழுதியது:

மேடம், எக்ஸ்போர்ட் யூனிட் ஒன்றில் ஆட்கள் பொறுப்பைப் பார்க்கிறேன். மேலே ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

டேமேஜுக்குப் பிடிப்பதை 1936-ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டக் காலத்திலிருந்தே சட்டம் கட்டுப்படுத்தி வருகிறது. அந்த ஆளின் கவனக்குறைவால்தான் நஷ்டம் என்று இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். மெஷின் எண்ணெய் கக்கியதற்கு டெய்லரிடம் பிடிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. நிறுத்திய பிறகு டேமேஜ் நோட்டு ஒன்று போடுங்கள். எந்த மெஷின், எத்தனை மணி, என்ன கோளாறு. ஆள் பெயருக்கு அதில் இடம் வேண்டாம்.

இன்னொன்று. 10 பேர் இருந்தாலே 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகாருக்கு உள் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்களிடம் 52 பேர். பெட்டியில் சீட்டு விழவில்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று இருந்துவிடாதீர்கள். திண்டுக்கல் பக்கத்து ஆலை விஷயமாகத் தொழிலாளர் சங்கமும் கம்பெனியும் 2022-ல் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. லைனில் தைக்கிற பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தொல்லையைக் கவனிக்கவும் முறையிடவும் வைத்தார்கள். வாசலில் தொங்குகிற பெட்டியைவிடப் பக்கத்து மெஷின் அக்காவிடம் சொல்வது எளிது.

ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வையுங்கள். "ஏய் ஹிந்தி" என்று கூப்பிடுவதை நம் ஊர் லைன்களில் தினமும் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் வலிக்கிறது.

அண்ணன் விஷயத்தில் மட்டும் நான் அவர் பக்கம் கொஞ்சம் நிற்பேன். அவரைத் திட்டுவது யார்? டெலிவரி அன்று அவருக்கு யாரிடமிருந்தெல்லாம் போன் வருகிறது என்று பாருங்கள்.


வேலம்பாளையம் தையல் மறுபடி எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

அக்கா, நீங்கள் எழுதிய அன்றே சாவியை வாங்கிவிட்டேன். பூட்டையே கழற்றியாயிற்று. தண்ணீர்க் கேன் வாரத்துக்கு எட்டு இறங்கும், இப்போது பதின்மூன்று. அந்த எண்ணிக்கையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து பேரும் சொன்ன காரணம் நீங்கள் சொன்னதேதான், உடம்பு சரியில்லை என்று.

எச்.ஆர். சார், உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ஆயில் கறை அன்றைக்கு என் போனை எடுத்துப் பார்த்தேன். மதியத்துக்குள் அண்ணனுக்கு 14 தடவை கூப்பிட்டிருக்கிறேன். அவரிடம் பேசப் போனபோது முதலில் அதைத்தான் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உங்கப்பா என்னை இதைவிடத் திட்டுவாரு பாப்பா, எனக்கு இப்படித்தான் வேலை வாங்கத் தெரியும்" என்றார். இனி டெலிவரி நிலவரம் கேட்க நாளைக்கு இரண்டு போன்தான், பதினொன்றுக்கும் நாலுக்கும். அவரும் குற்றம் சொல்வதாக இருந்தால் மெஷின் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்ல வேண்டும். இப்படிப் பேசிக்கொண்டோம். இரண்டு தடவை கத்திவிட்டார். இரண்டாவது தடவை அவராகவே போய் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

பிடித்தத்தை நிறுத்தி நோட்டுப் போட்டோம். முதல் வாரம் டேமேஜ் 9-லிருந்து 31 ஆகிவிட்டது. அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, பயம் விட்டுப்போச்சு" என்றார். எனக்கும் பகீரென்றது. ஆனால் செக்கிங்கில் திரும்பி வருகிற பீஸ் அதிகமாகவே இல்லை. முன்பு கட்டுக்குள் ஒளிந்திருந்தது இப்போது நோட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உள் குழுவுக்கு வெளி உறுப்பினர் தேடிக்கொண்டிருக்கிறேன். போன ஐந்து பேரில் யாரும் திரும்பி வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இன்று காலை பத்து மணிவாக்கில் ஓவர்லாக்கில் ஒடிசா தம்பி ஒருவர் மெஷினை அணைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஊசிக்கம்பியிலிருந்து எண்ணெய் இறங்கியிருந்தது. அண்ணன் போய்ப் பார்த்தார், பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், மெக்கானிக்கை வரச் சொன்னார். நாலு பீஸ். கறை எடுக்க அனுப்பியிருக்கிறோம்.