மைக் ஆலிவர் பற்றி எப்படி எழுதுவது?

படிவம் ஆறு மாணவி:
அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு படிக்கிறேன். மாற்றுத்திறனாளி அறிஞர் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். பிரிட்டனின் மைக் ஆலிவரை எடுத்திருக்கிறேன். குறையை வென்று பேராசிரியர் ஆனார் என்று தன்னம்பிக்கைப் பேச்சு மாதிரி கொண்டு போகலாமா? மலேசியாவோடும் கொஞ்சம் தொடர்புபடுத்த வேண்டுமாம்.

லயத்துக்காரன்:
தங்கச்சி, நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு போனது. அதனால் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன்: வேண்டாம்.

வாழ்க்கை வரலாற்றை நாலு வரியில் முடித்துவிடு. 1945இல் பிறந்தார். 1962இல் விடுமுறைக்குப் போன இடத்தில் நீச்சல் குளத்தில் பாய்ந்து கழுத்து முறிந்தது, வயது 17. ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனை. அப்புறம் இளங்குற்றவாளிகளை வைத்திருக்கும் போர்ஸ்டலில் வேலை, அங்கே பாடமும் நடத்தினார். கென்ட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், முனைவர் பட்டம். கிரீனிச் பல்கலைக்கழகத்தில், மாற்றுத்திறன் ஆய்வுகள் துறைக்கு பிரிட்டனின் முதல் பேராசிரியர். 2019 மார்ச்சில் காலமானார்.

விஷயமே வேறு. 1980களில் அங்கே அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு கேள்வி: பொருள்களைப் பிடிக்க, திருக முடியாதபடி உங்களுக்கு என்ன கோளாறு? 1990இல் வந்த தன் புத்தகத்தில் ஆலிவர் அதைத் திருப்பிப் போட்டார்: ஜாடி, போத்தல், டின் இவற்றை உங்களால் பிடிக்க முடியாதபடி அவற்றின் வடிவமைப்பில் என்ன கோளாறு?

படித்ததும் சிரித்துவிட்டேன். எத்தனை விண்ணப்பப் பாரங்களில் என் முதுகைப் பற்றியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்! நம் டவுன் கடைவரிசையில் ஐந்தடிப் பாதையைப் பார்த்திருப்பாய். ஒருவர் வாசலை உயர்த்தி டைல்ஸ் ஒட்டியிருப்பார், பக்கத்துக் கடைக்காரர் அதற்கும் மேலே ஒரு படி. பேங்க் நாலு கடை தள்ளித்தான். ஆனால் நான் சாலையில் இறங்கி லாரிகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போக வேண்டும். என் முதுகு சரியில்லை என்பதாலா இது? அந்தப் படியைக் கேட்கிற பாரம் ஒன்றை இதுவரை யாரும் என்னிடம் நீட்டவில்லை.

ஈப்போ அக்கா:
தம்பி சொன்னது சரி, ஆனால் எல்லாப் பெருமையையும் ஆலிவருக்கே கொடுத்துவிடாதே தங்கச்சி. ஒருவரை முடக்குவது அவர் உடல் அல்ல, சமூகம் வைக்கும் தடைகள்தான் என்ற இந்தக் கருத்தை, பால் ஹன்ட், விக் ஃபிங்கல்ஸ்டீன் இருந்த பிரிட்டன் மாற்றுத்திறனாளிகள் சங்கம் 1976லேயே எழுதிவிட்டது. 1983இல் 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்துப் பரப்பியவர் ஆலிவர்.

எதிர்ப்பையும் சொல். ஜென்னி மாரிஸ், லிஸ் குரோ போன்ற மாற்றுத்திறனாளிப் பெண்களே வலியும் களைப்பும் எங்கே போயின என்று கேட்டார்கள். என் அம்மாவுக்கு முடக்குவாதம். வீடெல்லாம் சாய்தளம் போட்டாலும் காலையில் விரல் மடங்காது.

லயத்துக்காரன்:
ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ராத்திரி என் கால் இழுத்துக்கொள்வதற்கு நகராண்மைக் கழகத்தைக் குறை சொல்ல முடியாதுதான். ஆலிவரும் தன் மாதிரி எல்லாவற்றையும் விளக்கும் கோட்பாடு அல்ல, மாற்றம் கொண்டுவர ஒரு கருவி என்றுதான் சொல்லிவந்தார். படியை உடைக்க எனக்கு அந்தக் கருவி போதும்.

தங்கச்சி, மலேசியப் பகுதிக்கு 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை எடு. சட்டம் 685 என்று தேடினால் மலாயிலேயே கிடைக்கும். பிரிவு 26இல் பொதுக் கட்டடங்களுக்குள் போகும் உரிமை இருக்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று தேடிப் பார், கிடைக்காது. வகுப்பில் அந்தப் பிரிவை வாசித்துக் காட்டிவிட்டு, உங்கள் பள்ளியில் படிவம் ஆறு வகுப்பு எந்த மாடியில் இருக்கிறது என்று கேள்.